புள்ளி

சத்துவாச்சாரியில் மின்சாரம் போவது
எங்கள் சர்வருக்குத்தான் முதலில் தெரியும்.
யூபிஎஸ் மூன்று முறை கூவும்.
இர்ஷாத் டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடுவான்.
கத்திரி வெயிலில் அந்த அறைக்கு மட்டும்தான் ஏசி;
முதல்வரே சில மதியங்களில்
"எல்லாம் சரியா ஓடுதா?" என்று வந்து
ரொம்ப நேரம் நின்று விசாரிப்பார்.

உள்ளே ஆறாயிரத்துச் சொச்சம் ஆய்வேடுகள்.
கோட்டை அகழியின் பாசி,
ஆற்காட்டு நெல்லின் பூச்சி,
லாட்ஜுகளில் தங்கும் வங்காள நோயாளிகளின்
செலவுக் கணக்கு.
ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்.
சர்வர் மாறலாம், முகவரி மாறலாம், நான் மாறலாம்,
என் ஒப்பந்தமே மார்ச் வரைதான்;
அந்த எண்ணைத் தட்டினால் ஏடு திறக்க வேண்டும்.
அதுதான் நாங்கள் தந்த வாக்கு.

பச்சையம்மாளின் ஏடு ஃப்ளாப்பியில் வந்தது.
வாலாஜா வட்டாரக் கிணற்று நீரில் குரோமியம், 1997.
எந்தக் கணினியிலும் இப்போது இல்லாத
ஓர் எழுத்துருவில் அடித்திருந்தார்.
திறந்தால் திரை முழுக்க
அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் ஆங்கிலத் தூசியும்.
இருநூற்றுப் பத்துப் பக்கமும் தண்ணீரைப் பற்றி.
தேடல் பெட்டியில் தண்ணீர் என்று போட்டேன்.
முடிவுகள்: பூஜ்யம்.
ஜன்னலுக்கு அப்பால் பாலாறும்
அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது.

இரண்டு இரவு உட்கார்ந்து ஒரு நிரல் எழுதினேன்.
பழைய எழுத்தைப் பிடி, யூனிகோடாக மாற்று,
முன்னால் நிற்கும் கொம்பைப் பின்னால் தள்ளு,
உதிரிப் புள்ளிகளைத் துடை.
இர்ஷாத் சோலர் குறியீட்டை மறுபடி கட்டினான்.
தண்ணீர்: ஆயிரத்து நானூறு இடங்களில்.
கைதட்டினோம், இரண்டே பேர்.

பிறகு படிவம்.
தலைப்பு, ஆண்டு, நெறியாளர், எல்லாம் சரி.
குடும்பப் பெயர் என்ற பெட்டி மட்டும்
சிவப்பு நட்சத்திரம் காட்டிக்கொண்டு
காலியாக இருக்க மறுத்தது.
வே. பச்சையம்மாள். வே என்பது வேம்புலி, அப்பா.
அவரைப் பிடித்துக் குடும்பப் பெயராக்க
மனம் வரவில்லை.
ஒரு புள்ளி வைத்தேன்.
படிவம் ஒத்துக்கொண்டது.

அதிகாலை இரண்டு பத்துக்கு
அறுவடை நிரல் வரும், எங்கிருந்தோ.
ஏட்டைத் தொடாது.
எக்ஸ்எம்எல் உறையில் பெயரையும் தலைப்பையும்
அள்ளிக்கொண்டு போய்
பெரிய பட்டியலில் கொட்டும்.
மறுநாள் அங்கே
முதலில் ஒரு புள்ளி, பிறகு ஒரு காற்புள்ளி,
அதற்கும் பிறகுதான் பச்சையம்மாள்.

பதினோராம் நாள் தொலைபேசி.
"பச்சையம்மா பேசறேன். வாலாஜாலேர்ந்து."
பெயருக்காகத் திட்டுவார் என்று
மன்னிப்பைத் தயாராக வைத்திருந்தேன்.
"அது கெடக்கட்டும் சார். அறுபத்தோராம் பக்கம் எடுங்க.
ஏழாம் நம்பர் கெணறு."
எடுத்தேன். லிட்டருக்கு 24 மில்லிகிராம்.
"ரெண்டு புள்ளி நாலு," என்றார்.
"நானே வாளி விட்டு எடுத்த தண்ணி.
பக்கத்துலயே ஒரு பொண்ணு கொடத்தோட நின்னுது."
கொஞ்சம் இருமல்.
"டேபிள் முழுக்க அப்படித்தான் இருக்குது.
இருந்ததே போதும் சார், பத்து மடங்கு ஆக்காதீங்க.
நாளைக்கு ஒரு வக்கீல் இதக் காட்டி
மொத்த புக்கும் பொய்யின்னுடுவான்."

உதிரிப் புள்ளிகளைத் துடை.
என் நிரலில் பதினேழாவது வரி.

அன்று இரவு நிரலை நம்பவில்லை.
ஐம்பத்தோரு கிணற்றையும்
கண்ணால் பார்த்துக் கையால் புள்ளி வைத்தேன்.
கோப்பின் சரிபார்ப்புத் தொகை மாறியது;
மாறியதை அமைப்பு குறித்துக்கொண்டது.
முதல் பதிப்பு அழியவில்லை. அழிக்க எனக்கு அனுமதி இல்லை.
தேதியோடு கிடக்கிறது என் தவறு,
அதே நிரந்தர எண்ணின் கீழ்.

குடும்பப் பெயர்ப் பெட்டியை என்ன செய்யட்டும்
என்று போன் வைப்பதற்குள் கேட்டிருந்தேன்.
"அங்க ஒன்னு உபரியா வெச்சிருக்கீங்களே,
அத எடுத்து ஏழாம் கெணத்துக்குப் போடறது,"
என்றார்.