பால்மாப் பேணி

உப்புவெளிச் சந்திக் கடையில்
மிக்சர்ப் போத்தலுக்கும் ரீலோட் மட்டைக்கும் நடுவே
நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

பால்மாப் பேணி. மூடியில் கத்தியால் கீறிய வாய்.
வயிற்றில் என் படம்:
வலைப்பந்துக் குழுவில்
மற்ற ஆறு பேரையும் வெட்டிவிட்டு எடுத்தது.
இடது தோளில் யாரோ ஒருத்தியின் விரல்கள் மட்டும்
வெட்டுப்படாமல் மிச்சம்.
துஷாந்தினியாக இருக்கும்.

"செல்வி டிலக்சனாவுக்கும் அவர் போன்றோருக்கும். வயது 16."
எனக்குப் பதினேழு தாண்டி ஐந்து மாதம்.

கொழும்பில் என்னை எங்கே படுக்க வைப்பது என்று
காலையிலிருந்து கதைத்தார்கள்.
சிறுவர் வார்டில் சுவரெல்லாம் முயல்;
கட்டிலுக்கு வெளியே என் கால்.
பெரியவர்கள் வார்டில்
பக்கத்துக் கட்டில் அம்மா இரவு முழுக்கக்
காணி உறுதியைத் தேடினா.

பிறகு, இந்தப் பேணிகளை வைத்த சங்கம்
ஓர் அறையைத் திருத்திக் கொடுத்தது.
பதின்மூன்றுக்கு மேல், இருபதுக்குக் கீழ்.
எங்கள் வயதுக்கென்றே ஒரு டொக்டர்.
முயல் இல்லை.
கதவைச் சாத்தலாம்.
நர்ஸ் தட்டிவிட்டுத்தான் வருவா.
அந்தத் தட்டலுக்காகவே
முதல்நாள் மூன்றுதரம் கதவைச் சாத்தினேன்.

அங்கேதான் சிபானா. கிண்ணியா.
எனக்கு இரத்தத்தில், அவளுக்கு முழங்கால் எலும்பில்.
உயர்தர உயிரியல் கொப்பியில்
கலப்பிரிவுப் பக்கத்தை மட்டும் மடித்து வைத்தாள்.
"இது படிக்கத் தேவல்லடி,
நமக்குச் செய்முறையே நடக்குது."
சிரித்ததில் சேலைன் ஊசி கழன்றது.
முடி போன கிழமை
நாவல் நிற ஸ்காஃப் ஒன்றை
அவள்தான் எனக்குக் கட்டிவிட்டாள்.

"கிண்ணியாவோ மகள்?" என்கிறார் கடைக்காரர்.
ஓம் என்கிறேன்.
பிளேன்டிக்குப் போக மிச்சம் இருபது ரூபாய்க் குத்தி.
என் பார்வை போன இடத்தைப் பார்த்து
அவரே சொல்கிறார்:
"பாவம், நல்லா விளையாடுற பிள்ளையாம்.
மான் மாதிரி ஓடுமாம்."

எங்கள் ஊர் மான்கள் எங்கே ஓடுகின்றன?
பஸ்ஸுக்கும் வழி விடாமல் நின்று
பொலித்தீன் தின்கின்றன.
சொல்லவில்லை.

ஒன்பது மணி பஸ்ஸில்
அம்மாவின் சீட்டுக் காசு இந்தப் பேணிதான்.
ஹபரணை வரைக்கும் விழித்திருப்பா,
பிறகு என் தோளில் சரிவா.

குத்தியைப் போடுகிறேன்.
அடியில் விழுந்த சத்தம் இல்லை;
தாள்கள் இருக்கின்றன உள்ளே.
"புண்ணியமாப் போகும் மகள்," என்கிறார்.

குனிந்தபோதுதான் கவனித்தேன்.
துஷாந்தினி நகம் கடிப்பாள்.
படத்தில் இருப்பது நீள நகம்,
பாதி அழிந்த மருதாணி.

யாரென்று தெரியவில்லை.
பிடித்த பிடியை விடவில்லை.