அரைப்பேர்

பின்னேரம் மூன்றரைக்கு நா வறளும்.
மூன்றாம் நிறுவைக்குப் பெண்கள்
சாக்குகளை இழுத்துக்கொண்டு வரும் நேரம்.
ஒவ்வொன்றாய்க் கொக்கியில் மாட்டுகிறேன்.
கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்து
ஈரத்துக்கு இரண்டு, சாக்குக்கு ஒன்று
கழித்துவிட்டு எழுதுகிறார்.
என் கண் முள்ளில் இல்லை.
பாலத்துக்கு அந்தப் பக்கம்
தவறணையின் பச்சைக் கதவில் இருக்கிறது.

டிக்கோயா ஆஸ்பத்திரியின் பின்கட்டில்
எக்ஸ்ரே அறையை ஒட்டி
வியாழக்கிழமைகளில் ஏழு பிளாஸ்டிக் கதிரைகள்.
நஸ்ரினா மிஸ் முதல் நாளே கேட்டார்:
“என்ன வேணும் உங்களுக்கு?”
“குடிக்காம இருக்கணும்.”
“அதைப் பிணமும் செய்யுமே, சிவநேசன்.
உசிரோட இருக்கிற ஆள் என்ன செய்வார்?”
நாங்கள் தரையைப் பார்த்தோம்.
சுமனபால மட்டும் சிங்களத்தில் சிரித்தான்.

எனக்குப் பதில் கிடைக்க மூன்று வியாழன் போனது.
சின்னப் பதில்தான், சொல்லக் கூச்சமாயிருந்தது.
விடிய ஆறு பத்து பஸ்ஸுக்கு
என் மகள் அபிநயா
இருட்டோடு தனியே இறங்குகிறாள்,
ஒன்பதாம் நம்பர் மலைக் குறுக்குப் பாதையில்.
கூட நடக்கணும்.
வாயில் வாடை இல்லாமல்.

“ஆசை வந்தா அடக்கிறதா மிஸ்?”
“எத்தனை வருசம் அடக்கிப் பார்த்தீங்க?”
பதினொன்று.
முனியாண்டி கோயிலில் கட்டிய கயிறு மூன்று.
பிள்ளை தலையில் அடித்த சத்தியம், கணக்கில்லை.
“அப்ப இந்த முறை வரட்டும்.
வந்து உங்க உடம்பில எங்க உட்காருதுன்னு
பார்த்துச் சொல்லுங்க.”
தொண்டையில். பிறகு இரண்டு தோளிலும்.
பிறகு, நம்பமாட்டீர்கள், இடது முழங்காலில்.

‘நான் ஒன்றுக்கும் உதவாதவன்’
என்று கொப்பியில் எழுதியிருந்தேன்.
அதன் வாலில்
‘என்று மனசு சொல்லுது’ எனச் சேர்க்கச் சொன்னார்.
சேர்த்தேன். ஒரு எழுத்தும் அழியவில்லை,
அதே வசனம், அதே என் கோணல் கையெழுத்து.
ஆனாலும் ஈரத்துக்கு இரண்டு,
சாக்குக்கு ஒன்று
எங்கேயோ கழிந்துபோயிருந்தது.

சம்பளம் போட்ட பத்தாந்தேதி குடித்தேன்.
மறைக்க ஒன்றுமில்லை. கால் போத்தல், பிறகு அரை.
பரமேஸ் கதவைத் திறந்தாள், பேசவில்லை.
வியாழக்கிழமை போகாமல் இருக்க
நூறு காரணம் வந்தது, எல்லாம் நல்ல காரணம்.
அத்தனையையும் கூட்டிக்கொண்டே பஸ் ஏறினேன்.
“இந்தக் கிழமை அரைப்பேர்தான் மிஸ்” என்றேன்.
கண்டிக்காரிக்கு விளங்கவில்லை.
கிலோ குறைஞ்சா முழுப்பேர் போடமாட்டாங்க,
பாதிச் சம்பளம், அதுக்குப் பேரு அரைப்பேர் என்றேன்.
“அடுத்த நாள்?”
அடுத்த நாள் பெரட்டுல திரும்பவும் பேர் கூப்பிடுவாங்க.
அவர் அதைத் தன் கொப்பியில் குறித்துக்கொண்டார்.

நிறுவை முடிந்த கொட்டிலில்
வெறும் தராசு தொங்குகிறது.
காலையிலிருந்து எத்தனை பேர் வியர்வை,
எத்தனை மழை அதில் தொங்கி இறங்கியது.
தராசு எடையில்லை.
இதைச் சொல்ல எனக்கு வயது நாற்பத்திரண்டு.
முள் சைபருக்கும் வருவதில்லை,
துருப்பிடித்து அரைக் கிலோ தள்ளியே நிற்கும்.
அதோடுதான் இத்தனை வருசம் நிறுக்கிறோம்.

இன்று விடியக்காலை
பாதி வழியில் அபிநயாவின் கணுக்காலில் அட்டை.
குனிந்தேன்.
“இழுக்காதீங்கப்பா, புண்ணாயிரும்.
பஸ் வந்துரும், வாங்க.”
வெள்ளைக் காலுறைக்கு மேலே அது உறிஞ்ச உறிஞ்ச
அவள் எனக்கு முன்னால் இறங்கினாள்,
வரலாற்றுப் பரீட்சைக்கு ஏதோ முணுமுணுத்துக்கொண்டு.
றோட்டுக்கு வருமுன் எங்கேயோ விழுந்துவிட்டது.
ஒரு பொட்டு ரத்தம். கையசைக்கவில்லை,
ஜன்னலோரம் இடம் பிடிக்கிற அவசரம்.

பின்னேரம் மூன்றரை.
வந்தது.
தொண்டை, தோள், இடது முழங்கால்.
கொக்கியில் மாட்டினேன்.
அடுத்த சாக்கு.