ஹோஃப் அருகே நான்கு கிலோமீட்டர்

கேம்னிட்ஸில் ரயில் எஞ்சின் செய்த பழைய கொட்டகை.
வாசலில் கோட்டைக் கழற்றிக் கொடுத்தால்
ஒரு வில்லை தருகிறார்கள். என் எண் 212.
சில்க்கே முழங்காலில் பட்டை கட்டியிருக்கிறாள்.
நின்று பார்க்கும் சீட்டு வாங்கியது நான்தான்;
அதை இதுவரை மூன்று முறை சொல்லிவிட்டாள்.

எட்டு மணி என்றார்கள், எட்டுக்கே வந்துவிட்டார்கள்.
வின்டர் டெலெக்ஸ். இரண்டே பேர்.
பாட லெஸ்டர், கருவிகளுக்குப் பின்னால் கொலின்.
சுவரொட்டியில் ஒரு கண்ணை முடியால் மூடி
எங்களை முறைத்த லெஸ்டருக்கு
மூட இப்போது முடியில்லை.
நல்ல கண்கள். இத்தனை வருஷம் ஏன் மறைத்தார்?

கொலின் ஒவ்வொரு பாட்டுக்கும்
நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கி
எதையோ படித்து, ஒரு குமிழைத் திருகுகிறார்,
மின்கட்டண ரசீதைச் சரிபார்ப்பவர் போல.
தரை அதிர்கிறது.
தினமும் பிறர் விலாவைப் படம் பிடிப்பவள் நான்.
இன்று என் விலாவை ஒருவர்
ஒவ்வொன்றாய் எண்ணுகிறார்.

உச்சத்துக்கு ஏற வேண்டிய இடத்தில்
லெஸ்டர் ஒரு படி கீழே நின்றுகொண்டு
மைக்கை எங்களிடம் நீட்டுகிறார்.
எங்களுக்கும் எட்டவில்லை.

பிறகு அந்தப் பாட்டு.

எண்பத்தாறு, நவம்பர். அப்போது ஊருக்கு வேறு பெயர்,
தாடிக்காரரின் பெயர்.
பெயர் போய்விட்டது; தலை மட்டும் இன்னும் தெருவில் இருக்கிறது.
சமையலறை அலமாரி மேல் ரேடியோ,
ஆன்டெனாவில் செருகிய முள்கரண்டி.
எல்லைக்கு அப்பாலிருந்து காற்றில் வந்ததை
இரண்டு பொத்தானை ஒன்றாய் அழுத்தி
மூச்சடக்கிப் பதிவு செய்தேன்.
அப்பா தும்மியதுகூட அதில் இருக்கிறது.
கடைசிச் சரணம் தொடங்கும்போது
அறிவிப்பாளர் குறுக்கே வந்தார்:
"ஹோஃப் அருகே, நியூரம்பெர்க் செல்லும் பாதையில்,
நான்கு கிலோமீட்டர் நெரிசல்."
அதோடு நாடா தீர்ந்தது.

ஹோஃபுக்கு எங்கள் வீட்டிலிருந்து
நூறு கிலோமீட்டர்கூட இல்லை.
அந்த நெரிசலில் மாட்டிக்கொள்ள
எங்களுக்கு அனுமதி இல்லை.

எல்லை திறந்தது, குறுந்தகடு வாங்கினேன்,
முழுப் பாட்டையும் கேட்டேன்.
ஆனாலும் அந்த இடம் வந்ததும்
காது நான்கு கிலோமீட்டர் காத்திருக்கும்.

இன்று அதே இடத்தில்,
சத்தியமாக அதே இடத்தில்,
கொலின் பக்கம் ஏதோ டப்பென்றது.
ஒலி செத்தது.
விளக்குகள் மட்டும் சேதி தெரியாமல்
துடித்துக்கொண்டிருந்தன.
லெஸ்டர் திறந்த வாயோடு.
கொலின் குனிந்து கேபிளைத் துழாவ
அவர் வழுக்கை ஊதாவாகி, பச்சையாகி, மறுபடி ஊதா.

ஆயிரத்து ஐந்நூறு பேரும் அசையவில்லை.

பின்னாலிருந்து ஓர் ஆண்குரல்,
அந்த வானொலிக்காரரின் அதே இழுப்போடு:
"ஹோஃப் அருகே..."

முடிக்கக்கூட விடவில்லை.
இடது மூலையில் பற்றிக்கொண்ட சிரிப்பு
கூரைத் தகரம் வரை ஏறியது.
எத்தனை சமையலறைகள்!
எத்தனை முள்கரண்டிகள், எவரெவர் அப்பாக்களின் தும்மல்கள்!
எனக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன்.
"உன்னிடமும் அந்த நாடாவா?" என்றாள் சில்க்கே.
நாற்பது வருஷத் தோழி.
பேசாதிருக்கக் கற்ற காலத்தில் பழகியவர்கள் நாங்கள்.

லெஸ்டருக்கு ஜெர்மன் தெரியாது.
தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம் என்று
கால்சட்டையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஒரு வயரைப் பிடுங்கி வேறொரு துளையில் செருகினார் கொலின்.
பாட்டு முதலிலிருந்து வந்தது.
ஒரு சொல் பிசகாமல் பாடிய கூட்டம்
கடைசிச் சரணத்தில் தடுமாறியது.
பாதிப் பேருக்கு வரிகள் தெரியவில்லை.
முனகிக்கொண்டே கூடப் போனோம்.

கோட்டு வாங்கும் இடத்தில் வரிசை நகரவில்லை.
212-க்கு முன்னால் முந்நூறு பேர்.
யாருக்கும் அவசரமில்லை.
சில்க்கே மட்டும் முழங்காலைத் திட்டிக்கொண்டிருந்தாள்,
முழங்காலை இல்லாதபோது என்னை.