எழுபத்தொன்று

துர்பே ஆய்வகத்தில் ஜூலை.
தகரக் கூரையில் மூன்றாம் நாளாக மழை.
உள்ளே நான்
நிமிடத்துக்கு ஒரு சொட்டு எண்ணுகிறேன்.

விரல் நீள மணற்கல்.
பாலைவனக் கிணறொன்றில்
மூவாயிரத்து நூறு மீட்டர் கீழே இருந்தது.
ரப்பர் உறைக்குள், எஃகுக் குழலுக்குள்
இறுக்கி வைத்திருக்கிறோம்,
பூமி இறுக்கியதற்கு ஈடாக.

பார்த்தால் வெறும் கல்.
நுண்ணோக்கியில் மணலுக்கு மணல் இடுக்கெல்லாம் களிமண்:
அப்பளக் கட்டு மாதிரி ஒன்று,
சீப்பில் சிக்கிய முடி மாதிரி இன்னொன்று.
எல்லாம் உப்புநீரிலேயே கிடந்து பழகியவை.

முதலில் அதன் சொந்த உப்பையே கொடுத்தோம்.
அழுத்தம் பத்து. சொட்டு ஒழுங்காக விழுந்தது.
பாதி உப்பு. பதினான்கு.
நேற்று இரவு எட்டரைக்கு
உப்பே இல்லாத நல்ல தண்ணீர்.

நல்ல தண்ணீர்!
மான்குர்தில் விடியற்காலை நாலரைக்கு வரும்,
நாற்பது நிமிஷம்.
அதற்காக ஒருத்தி குடத்தை உதைத்திருக்கிறேன்.
அதே தண்ணீர் கல்லுக்குள் போனதும்
களிமண் குடித்துக் குடித்துப் பருத்தது.
முள் முப்பத்தைந்தில் நிற்கிறது.

ஜோடித் துண்டில் வேகமாகத் தள்ளிப் பார் என்றார் தேவ்தர்.
அடிமேல் அடித்தால் அம்மியும் நகருமாம்.
அம்மி அப்படியே இருந்தது.
உள்ளே துகள்தான் நகர்ந்தது,
போய் அடுத்த வாசலில் உட்கார்ந்துகொண்டது.

முதல் துண்டில் மறுபடி உப்புநீர். அதே உப்பு, அதே அளவு.
ஏகாதசி விரதத்தில் இருந்த ரூபாலி
வாழைப்பழம் உரித்தபடி திரையைப் பார்த்தாள்.
முப்பத்திரண்டு.
பழம் தீர்ந்தது. முப்பத்திரண்டுதான்.

சேதம் எழுபத்தொன்று சதவீதம்.
எழுபதைத் தாண்டினால் எங்கள் அட்டவணையில் ‘கடுமை’.
தாண்டாவிட்டால் ‘நடுத்தரம்’.
கிணற்றுக்காரர்களுக்குப் பக்கத்திலேயே கால்வாய்,
லாரி வாடகை மட்டும்தான் செலவு.

தேவ்தர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.
கெட்ட மனிதர் இல்லை; போன வருஷம்
என் ஆஸ்பத்திரிச் செலவுக்கு முன்பணம் தந்தவர்.
“அறைச் சூடு கொஞ்சம் ஏறி இறங்கியிருக்கும்.
இரண்டு சதவீதம்தானே, சுகுணா?”

நான் பேசவில்லை.
மிச்சமிருந்த மூன்றாவது துண்டை ஏற்றினேன்.
கடைசி ரயில் போயிற்று.
பம்ப் சத்தமும் தவளைச் சத்தமும்
ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிட்ட நேரத்தில்
கணக்குப் போட்டேன்:
எழுபத்து நான்கு.

இரண்டு எண்ணையும் எழுதி
கால்வாய்த் தண்ணீர் வேண்டாம் என்று எழுதி
அவர் மேஜையில் வைத்தேன்.
கையெழுத்துக் கட்டம் காலி.

முதல் வண்டி வாஷிப் பாலத்தில் ஊர்ந்தது.
நாலரைத் தண்ணீர் வந்து போயிருக்கும்.
ஜன்னலுக்குக் கீழே
அத்தனை மழையும்
கழிமுகத்து உப்பில் விழுந்துகொண்டிருந்தது.