ஈரம்

ரைஸ்மில்லில் பிடித்தோம்,
திருத்துறைப்பூண்டி ரோட்டில், தவிட்டறைக்குப் பின்னால்.
கம்பிக்கூண்டு நிறைய வெள்ளை,
உச்சியில் எலுமிச்சை மஞ்சளில் ஒரு கொண்டை.
ஏதோ சீமைக்கோழி என்று நினைத்துத்தான்
ஜீப்பில் ஏற்றினேன்.

கோடியக்கரை வனச்சரகத்தில்
டாக்டர் ரஹீமா டார்ச் அடித்துப் பார்த்தார்.
நாக்கு, நகம், இறக்கையில் வெட்டிய இடம்.
"காக்கட்டூ. கிழக்கே ரொம்ப தூரத்தில் சும்பா என்று ஒரு தீவு,
அந்தப் பக்கத்துக் கிளி, மாசிலாமணி.
காட்டில் மிச்சம் ஆயிரத்துச் சொச்சம்."
ஆயிரத்துச் சொச்சம்.
எங்கள் வார்டில் போன தடவை
தோற்றவர் வாங்கிய ஓட்டு.

கதவில் ஒரு தாள் ஒட்டினார்:
நாற்பது நாள் தனிமை.
தகரத் தட்டு ஆகாது. கடலை கொஞ்சம்தான்.
யாரும் பேசக்கூடாது.
அது பேசினாலும் பதில் சொல்லக்கூடாது.

"மனுசக் குரலையே தேடிக்கிட்டிருந்தா
ஜோடி சேராது. புரியுதா?"
புரியுது என்றேன்.
கிளி என்னைப் பார்த்துக் கேட்டது:
"ஈரம் இருக்கா?"

மில்காரர் குரல்.
மூட்டைக்குள் கைவிட்டுக்கொண்டே கேட்பது,
கடைசியில் அந்தச் செருமல் உட்பட.
பதினேழுக்கு மேல் போனால்
கொள்முதல் நிலையத்தில் திருப்பிவிடுவார்கள்.
திருப்பியதையெல்லாம் இவரிடம் கொண்டுபோவோம்,
சொன்ன விலைக்குத் தலையாட்ட.
அந்த வரிசையில் நானும் நின்றிருக்கிறேன்,
குறுவை நனைந்த வருஷம்.

மூன்றாம் நாள் அரவை மிஷினாக ஓடியது.
கரண்ட் போனால் மிஷின் எப்படி அடங்குமோ
அப்படி அடங்கி,
"ச்சே" என்றது.
ஒன்பதாம் நாள், "வேம்பு, டீ."
வேம்பு யாரென்று தெரியவில்லை.
டீ வரவில்லை.

பிறகு நெஞ்சு இறகைப் பிடுங்க ஆரம்பித்தது.
சவுக்குக் கட்டை கொடுத்தோம், கடித்துத் தூளாக்கியது.
பனந்துண்டைக் குடைந்து வைத்தோம்,
இரண்டு நாள் முறைத்துவிட்டு உள்ளே தலை நீட்டியது.

சாயங்காலம் நம்ம ஊர்ப் பச்சைக்கிளிகள்
உளுந்து வயலிலிருந்து கூச்சலாய்த் திரும்பின.
கொண்டையை முழுசாக விரித்து
வலை ஓரம் ஓடிவந்து
அவற்றிடமும் கேட்டது,
ஈரம் இருக்கா.
அவை தங்கள் பாட்டுக்கு அலையாத்திப் பக்கம் போயின.

ஹைதராபாத்துக்குப் போன இறகு
தாளாகத் திரும்பிவந்தது: பெண்.
வடக்கே ஒரு மையத்தில்
ஆண் ஒன்று இருக்கிறதாம்.
அதுவும் பறிமுதல் செய்ததுதான்.
அது எந்த பாஷை பேசுமோ.

கடைசி ராத்திரி அடைமழை.
ஓடு ஒழுகி, கூண்டுக்கு மேல் தார்ப்பாய் கட்டினேன்.
இருட்டில், ரொம்பப் பக்கத்தில்,
மில்காரர் இல்லாத ஒரு குரலில்,
இழுக்காமல், செருமாமல்,
கேட்டது.
தோளில் கிடந்த துண்டை வாயில் வைத்துக்கொண்டேன்.
பதிவேட்டில் எழுதினேன்:
மணி 2.10. நான்கு முறை. பதில் இல்லை.

காலையில் பெட்டியை ஏற்றி
ஜீப் உப்பளம் தாண்டும்வரை நின்றேன்.
அப்புறம் பினாயில் ஊற்றிக்
காலிக் கூண்டைத் தேய்க்கும்போது
வாளியைப் பார்த்துச் சொன்னேன்:
பத்தொன்பது.