ரசமட்டம்

செவ்வாய்க்கிழமை, யாருடைய குளியலறையையோ முடித்துவிட்டு
முழங்காலெல்லாம் சிமெண்டோடு வந்தேன்.
நாப்பி தலையைச் சாய்த்துப் பார்த்தது.
ஏதோ கேட்கிறதென்று
நானும் சாய்த்தேன்.

அது நிமிரவில்லை.

இரவுக்குள் உருளத் தொடங்கிவிட்டது,
ஒரே பக்கமாக, கூண்டுக் கம்பி தடுக்கும்வரை.
கண்மணிகள் இடமிருந்து வலம், இடமிருந்து வலம்,
எங்கும் எழுதியிராத ஒரு வரியை
முடிக்க முடியாமல் படித்துக்கொண்டு.

துர்க்குவில் பனி. கார் கிளம்ப மறுத்தது.
கோட்டுக்குள் வைத்துப் பேருந்தில் கொண்டுபோனேன்.
டாக்டர் அன்னெலி டார்ச் அடித்தார்.
காதில் ஒன்றுமில்லை.
ஒட்டுண்ணி. ஒரே ஒரு செல் உயிரி.
தாயின் வயிற்றிலேயே தொற்றியிருக்கலாம்.
நான்கு வருடம் சிறுநீரகத்தில் சத்தமில்லாமல் குடியிருந்துவிட்டு
இப்போது மாடிக்கு வந்திருக்கிறது.
"நல்ல முயலென்று சொல்லித்தான் விற்றார்கள்," என்றேன்.
"நல்ல முயல்தான்," என்றார்.

இருபத்தெட்டு நாள் வெள்ளைக் களிம்பு,
ஊசியில்லாத சிரிஞ்சில், கடைவாய் வழியே.
துண்டுகளைச் சுருட்டி நாலாபுறமும் அணை கட்டினேன்.
இரவு மூன்று மணிக்கு அரைத்த புல்.
பாதியை என் சட்டைக்கே திருப்பித் தந்தது.

பன்னிரண்டாம் நாள் எழுந்து நின்றது.
ஓர் அடி.
வழுக்கி விழுந்தது,
நான் போட்ட தரையில்.

முப்பது வருடமாகத் தரை பதிக்கிறவன் நான்.
என் கூடத்துக்கு மட்டும் இத்தாலிக் கல்.
ரசமட்டத்தை எங்கு வைத்தாலும்
குமிழி மயிரிழை நகராது.
முகம் பார்க்கலாம் போலிருக்கே என்பார்கள் வருகிறவர்கள்.
அதில்தான் கால்கள் நாலும் நாலு திசைக்குப் போய்
நாப்பி கிடந்தது,
என்னைக் குறை சொல்லத் தெரியாமல்.

அன்று விடியும்வரை கம்பளத் துண்டுகளை ஒட்டினேன்.
பழுப்பு, பச்சை,
மூடிப்போன ஓட்டல் ஒன்றின் சிவப்பு.
அளக்கவில்லை.
பசை கல்லைத் தின்றுவிடும். தெரியும்.

மருந்து முடிந்தது. தலை இன்னும் சாய்ந்தேதான்,
ஒரு பதினைந்து பாகை இருக்கும்.
மூருவின் இரத்தத்திலும் அது உண்டாம்.
இன்னும் ஒன்றும் செய்யவில்லையாம்.
மூரு சாய்ந்த பக்கமாகப் பார்த்துப் படுத்துக்கொள்கிறது,
முட்டுக்கொடுத்த மாதிரி.
இரண்டும் ஒரே தட்டில் தின்கின்றன.

நேற்றுப் புதுச் சமையலறை ஒன்றில் வீட்டுக்காரி
வழவழவென்று, கண்ணாடி மாதிரி வேண்டும் என்றாள்.
குமிழி நடுவில் நின்றது.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கேட்டேன்:
வீட்டில் முயல் ஏதாவது இருக்கிறதா?