இருபத்திரண்டாம் மாடி

விருந்தாளிகள் வெளியே போனபின்
ஜெசிந்தா உள்ளே போகிறாள்.
குளியலறைத் தரையில் கொழும்பு கிடக்கிறது:
கல்கிசைப் பருமணல்,
காலிமுகத்திடல் இறால் வடையின்
எண்ணெய்க் காகிதம்,
புறக்கோட்டையில் பேரம் பேசாமல் வாங்கிய
செருப்பின் விலைச்சீட்டு.

துவாயை அன்னமாக மடித்து
மெத்தையில் நீந்தவிடுகிறாள்.

கண்ணாடிக்கு அப்பால்
கடலை ஒட்டி ஓடும் வெள்ளவத்தை ரயிலில்
வாசலில் தொங்கும் ஆட்கள் எறும்பளவு.
ஒன்று அவள் தம்பியாகவும் இருக்கலாம்.

நேற்று ஒருத்தி கேட்டாள்,
சூரியன் மறைவதைப் பார்க்க
எது நல்ல இடம் என்று.
“இந்த யன்னல்தான் மேடம்.
நாலரைக்குத் துடைச்சு வைக்கிறன்.”

ஆறு மணிக்கு
நிலக்கீழ்த் தளத்தில் சீருடை மாற்றுகிறாள்.
மேலே அந்த யன்னல் சிவந்திருக்கும்.
சப்பாத்தைக் கவிழ்த்துத் தட்டினால்
கொஞ்சம் மணல்.

அவள் கடலில் கால் நனைத்து
இரண்டு வருஷம்.
எந்தக் கரையோ.